டென்மார்க் மாப்பிள்ளைக்கு ஒரு சோதனை

போன கிழமை அம்பிகையை எந்த இடத்தில் விட்டோம்? பலெர்மோவில், பல்லாரோச் சந்தை நடுவில். ஒரு கையில் கத்தரிக்காய்ப் பை, மறு கையில் மாப்பிள்ளையின் படம். படத்தில் அவன் முழங்கால் அளவு பனிக்குள் நின்று சிரிக்கிறான். "இது பனியோ பஞ்சோ, ஆருக்குத் தெரியும்?" என்று மரக்கறிக்காரனிடம் தமிழிலேயே கேட்டாள். அவனும் "சி, சிஞோரா" என்று தலையாட்டி வைத்தான்.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. விக்னராஜாவும் அம்பிகையும் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு, வந்து பதினொரு வருசம். அல்பெர்கேரியாப் பகுதியில் மூன்றாம் மாடியில் வீடு. அவர் ஒரு சாமான் கடையின் பின்பக்கத்தில் பெட்டி தூக்குகிறார். அவள் வயதான ஒரு சிஞோராவின் வீட்டில் சமைத்துத் துடைக்கிறாள். ஒரே மகள் சாம்பவிக்கு இருபத்தேழு வயது, பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை. பிள்ளையின் சாதகக் குறிப்பில் செவ்வாய் எட்டாம் வீட்டில் இருக்கிறது. அந்த ஒரு செவ்வாயைக் காட்டி ஐந்து மாப்பிள்ளைகள் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

ஆறாவதுதான் இந்த விமலராஜ். டென்மார்க்கில் ஒன்பது வருசம், யன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அவனுடைய குறிப்பிலும் செவ்வாய் எட்டில்! குறிப்புப் பார்க்கிற இராஜநாயகம் மாஸ்டர் விரலை மடக்கி மடக்கி எண்ணி, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொன்ன அன்று அம்பிகை குசினிக்குள் போய் அழுதாள். அடுத்த நாள் விடியவே சந்தேகம் தொடங்கிவிட்டது. எங்களுக்கு எப்படி இவ்வளவு நல்லதாக அமையும்?

ஞாயிற்றுக்கிழமை மோதிரம் மாற்றுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை புதன்கிழமையே வந்து இறங்கிவிட்டான். இன்று வெள்ளி. ஆளைச் சோதிக்க அம்பிகைக்கு மிச்சம் இருப்பது இன்றும் நாளையும் மட்டும்தான்.

"விமானத்திலை வராமல் ஏன் ரெயினிலை வந்தவர்?" மாப்பிள்ளையைச் சந்திக்க மூன்று பேருமாக நடந்து போகையில், வியா மக்குவேதா வீதியைக் கடக்கும்போதே அம்பிகை ஆரம்பித்துவிட்டாள்.

"ரோமிலை சிநேகிதன் இருக்கிறானாம். பார்த்திட்டு வந்தவர்," என்றார் விக்னராஜா.

"பிரான்காச்சோவிலை ஆர் வீட்டிலை நிக்கிறார்?"

"அங்கையும் ஒரு சிநேகிதன்தான்."

"ஊர்?"

"இளவாலைப் பக்கம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"பக்கம் எண்டால் எந்தப் பக்கம்? ஒருத்தரைக் கேட்டால் கோயிலைச் சொல்லுவினம், குளத்தைச் சொல்லுவினம். இவருக்கு வெறும் பக்கம்தான் இருக்கு."

பின்னால் வந்த சாம்பவி பச்சைச் சேலை கட்டியிருந்தாள். தானே எடுத்துக் கட்டியது. அதுவும் அம்பிகைக்குச் சந்தேகம்தான். ஐந்து தடவையும் 'ஏதாவது கட்டுறன்' என்று எரிந்து விழுந்த பிள்ளை, இன்றைக்கு மட்டும் ஏன் அரை மணித்தியாலம் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்?

அம்பிகையைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற சிநேகிதி ஒருத்தியின் பெறாமகளுக்கு, அவள் தங்கச்சியின் பிள்ளைக்கு, போன வருசம் ஒரு சுவிஸ் மாப்பிள்ளை வந்தார். தொப்பியும் கோட்டும் மணிக்கூடுமாக வந்தவர், கடைசியில் பார்த்தால் இதே சிசிலியில், கத்தானியாவில் கார்களுக்குப் பெற்றோல் அடிக்கிறவர். பெட்டை அந்த அவமானத்தில் ஆறு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தன் மகளுக்கு அப்படி ஒன்று நடந்தால் தான் உயிரோடு இருக்கப் போவதில்லை என்று அம்பிகை அன்றே சொல்லி வைத்திருந்தாள்.

ஆகவே அவள் ஒரு பொறி வைத்தாள். நகரத்தின் கால்சாப் பகுதியில் ஒரு டெனிஷ்காரி சின்னச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறாள் என்று தான் வேலை செய்கிற வீட்டுச் சிஞோரா போன மாதம் பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை முதல் முதல் பெண்ணைப் பார்ப்பது வீட்டில் வேண்டாம், அந்தக் கடையில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "ஒன்பது வருசம் இருந்தவர்தானே? அந்த மனிசியோடை கதைக்கட்டும். நான் பார்த்துக்கொண்டு இருக்கிறன்."

அதோடு விட்டாளா? வியாழக்கிழமை வேலை முடிந்து தனியாகக் கடைக்குப் போய் அந்த அம்மாவையும் கண்டு கதைத்துவிட்டு வந்தாள். பெயர் கிர்ஸ்தன், ஐம்பது வயது இருக்கும், சிசிலிக்காரனைக் கட்டி வந்து இருபது வருசமாக இங்கேயே இருக்கிறவர். "நாளைக்கு ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு வருவேன். உங்கள் பாசையில் என்னென்ன கேட்கலாமோ அவ்வளவும் கேளுங்கள்," என்று இத்தாலியனில் சொன்னாள். கிர்ஸ்தன் விழுந்து விழுந்து சிரித்தார். தன்னுடைய மாமியாரும் இப்படித்தான் பாதிரியாரைக் கொண்டு தன்னைச் சோதித்தவராம்.

கால்சாவில் உலக யுத்தத்தில் குண்டு விழுந்த வீடுகள் இன்னும் விழுந்தபடியே கிடந்தன. சுவர் இருந்தது, கூரை இல்லை. உள்ளே அத்திமரம் வளர்ந்திருந்தது. அப்படி ஒரு பெரிய மாளிகையின் குதிரை லாயந்தான் இப்போது கடை. ஆறு மேசை, மேசை விரிப்புக்குப் பதிலாகப் பழுப்புக் கடதாசி, விலைப்பட்டியல் கரும்பலகையில். பொம்பிளை பார்க்கிற இடமா இது என்று விக்னராஜா முணுமுணுத்தார்.

விமலராஜ் முதலே வந்து வாசலில் நின்றான். படத்தில் இருந்ததைவிட மெலிவு. கையில் ஒரு பிஸ்கட் பேணி. "வாங்கோ அங்கிள், வாங்கோ அன்ரி," என்றான். சாம்பவியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். அவளும் ஆட்டினாள். முதல் முதல் காண்கிற இரண்டு பேர் இப்படியா தலையாட்டுவார்கள்? அம்பிகை அதையும் மனதில் எழுதி வைத்துக்கொண்டாள்.

மேசையில் அமர்ந்து ஒரு நிமிசம் ஆகவில்லை, கிர்ஸ்தன் வந்துவிட்டார். அம்பிகைக்கு ஒரு கண்சாடை. பிறகு விமலராஜின் பக்கம் திரும்பி, ஓட்டை வாளியில் தண்ணீர் போவது போல டெனிஷில் கொட்டத் தொடங்கினார்.

அம்பிகை அவன் முகத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. முழிப்பானா? இருமுவானா? இத்தாலியனில் பதில் சொல்லிச் சமாளிப்பானா?

அவன் சிரித்தான். அதே வேகத்தில் திருப்பிக் கொட்டினான். கிர்ஸ்தன் ஏதோ கேட்க, கையைக் காட்டி யன்னல் பூட்டுகிற மாதிரிச் செய்து விளக்கினான். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தார். இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே சாப்பாடு தெரிவு செய்ய உள்ளே போனார்கள். போகிற வழியில் கிர்ஸ்தன் அம்பிகையின் காதுக்குள் குனிந்தார்.

"சிஞோரா, இவன் எங்கள் மேற்குப் பக்கத்து ஆட்கள் மாதிரிச் சொல்லைப் பாதியில் விழுங்குகிறான். அதற்கு ஒன்பது வருசம் வேணும். மகளைத் தாராளமாகக் கொடுங்கள்."

அம்பிகைக்கு அப்பாடா என்று இருந்தது. பிள்ளையாரப்பா, இவ்வளவு நாளும் ஒரு நல்ல பிள்ளையைச் சந்தேகப்பட்டேனே! மேசைக்குக் கீழே மகளின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். சாம்பவியின் கை குளிர்ந்து போயிருந்தது. சந்தோசத்தில் இருக்கும் என்று நினைத்தாள்.

"இப்ப திருப்தியோ?" என்றார் விக்னராஜா.

"அவருக்கு ஓம் எண்டு சொல்லுங்கோவன். நான் என்ன, அவரைச் சிறையிலையோ போட்டனான்?"

அந்த நிம்மதி சரியாக ஏழு நிமிசம் இருந்தது.

விமலராஜ் தானே தட்டுகளைக் கொண்டு வந்து வைத்தான். கறுத்த ரொட்டிப் பாண் துண்டுகளை இன்னொன்றால் மூடாமல் அப்படியே வைத்து, மேலே வினாகிரியில் ஊறின மீன், வெங்காய வளையம். அடுத்த தட்டில் பொரித்த தட்டை மீன். அதற்கு அடுத்ததில் புகை போட்ட மீன். பெருமையோடு இருந்தான்.

"அன்ரி, யோசியாதேங்கோ. இண்டைக்கு வெள்ளி எண்டு அங்கிள் ஞாபகப்படுத்தினவர். இறைச்சி கண்ணிலையும் காட்டக் கூடாது எண்டு அந்த அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டன். எல்லாம் மீன்தான்."

"எல்லாம் மீனோ?"

"ஓம் அன்ரி. எங்கட வீட்டிலையும் வெள்ளியிலை இறைச்சி தொடுறேல்லை. சின்னனிலை இருந்தே அம்மா மீன்தான் காய்ச்சுவா."

விக்னராஜா தண்ணீர்க் கிளாஸை எடுத்தார். குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு இருந்தார்.

சைவ வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை, முட்டை கூட இல்லை. வியாழன் இரவே மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளியில் இறைச்சியை விட்டுவிட்டு மீன் சாப்பிடுகிற வீடு எது என்பது அம்பிகைக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு வெள்ளியும் சிஞோராவுக்கு மீன் பொரித்துக் கொடுத்துவிட்டு, தான் மூலையில் இருந்து பாணும் தக்காளியும் தின்கிறவள் அவள். சிஞோரா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்ட பிறகுதான் முள்ளுக்கரண்டியை எடுப்பார்.

அம்பிகை அவசரப்படவில்லை. குரலில் தேன் ஒழுகக் கேட்டாள்.

"தம்பி, நாளையண்டைக்கு, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு எங்கை போறியள்?"

"காலமை ஏழு மணிப் பூசைக்குப் போவன் அன்ரி. நான் நிக்கிற வீட்டு ஜோக்கிம் அண்ணை தங்கட பங்குக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டவர். பேந்து நேரை உங்கட வீட்டை வந்திடுவன்."

சொல்லி முடிந்த பிறகுதான் அவனுக்கு விக்னராஜாவின் முகம் கண்ணில் பட்டது.

"அங்கிள்... நீங்கள் அன்ரிக்குச் சொல்லேல்லையே?"

விக்னராஜா கிளாஸை மெல்ல மேசையில் வைத்தார்.

"அப்ப குறிப்பு?" அம்பிகையின் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "செவ்வாய் எட்டிலை எண்டு வந்த குறிப்பு ஆரின்ரை?"

"எனக்குக் குறிப்பு இல்லை அன்ரி," என்றான் விமலராஜ் பாவமாக. "ஞானஸ்நானச் சேட்டிபிக்கட்தான் இருக்கு."

"இஞ்சாருங்கோ, உங்களைத்தான்!" அம்பிகை மனிசன் பக்கம் திரும்பினாள்.

"இராஜநாயகம் எழுதித் தந்தவர்," என்றார் விக்னராஜா, பழுப்புக் கடதாசியைப் பார்த்துக்கொண்டு.

"எழுதினவரே வந்து பொருத்தமும் பார்த்தவரோ? அண்டைக்கு என்ரை வீட்டிலை இருந்து ஒன்பது வடை சாப்பிட்டவர்!"

"அந்தாள் பத்துக்குப் பத்துப் போடத்தான் வெளிக்கிட்டது. நான்தான், எட்டுப் போடுங்கோ மாஸ்டர், பத்தெண்டால் அவள் நம்பமாட்டாள் எண்டு சொன்னனான்."

வேறு நேரமாக இருந்தால் அம்பிகைக்கே சிரிப்பு வந்திருக்கும். இப்போது வரவில்லை. மகளைப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுமோ?"

சாம்பவி கண்ணைத் தாழ்த்தவில்லை. "முதல் நாள் ரெலிபோனிலையே இவர் சொன்னவர் அம்மா. தான் வேதக்காரன், கத்தோலிக்கன், அது உங்களுக்கு ஓமோ எண்டு கேட்டவர்."

அப்படியென்றால் எல்லாருக்கும் தெரியும். பனியைச் சந்தேகப்பட்டாள், ரெயினைச் சந்தேகப்பட்டாள், தெரியாத பாசையைக் கூட ஆள் வைத்துச் சோதித்தாள். ஒரே பாயில் படுக்கிற மனிசனையும் பெற்ற பிள்ளையையும் மட்டும் சந்தேகப்படவில்லை.

"வீட்டிலை நான் ஒருத்தி மட்டும்தான் பிறத்தி ஆள், என்ன?" அம்பிகை எழும்பினாள். கைப்பையை எடுத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை.

"இரு அம்பிகை," என்றார் விக்னராஜா. "நான் செய்தது பிழை. இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் அஞ்சாவது ஆள் எழும்பிப் போன அண்டு நீ கோயிலுக்குப் போயிட்டாய். பிள்ளை குசினியிலை நிண்டு தேத்தண்ணிக் கப்புகளைக் கழுவினவள். கழுவிப்போட்டு, 'அப்பா, நான் களைச்சுப் போனன்' எண்டவள். அவ்வளவும்தான் சொன்னவள். எனக்கு அண்டைக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை."

"அதுக்கு என்னட்டைச் சொல்லக் கூடாதோ?"

"சொல்லியிருந்தால் நீ விட்டிருப்பியோ?"

 விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும்.

சாம்பவி மெதுவாகத்தான் பேசினாள். "அம்மா, வந்த அஞ்சு பேரும் என்ரை செவ்வாயைப் பற்றித்தான் கேட்டவை. இவர் மட்டும்தான், வேலை முடிஞ்சு வந்து என்ன செய்வீர், உமக்கு என்ன பிடிக்கும் எண்டு கேட்டவர். நீங்கள் இவரை அனுப்புறதெண்டால் அனுப்புங்கோ. உங்களை மீறி நான் போக மாட்டன். ஆனால் ஏழாவது ஆளுக்குத் தேத்தண்ணி ஊத்தவும் மாட்டன்."

அடுத்த மேசையில் இரண்டு கிழவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாசை விளங்காவிட்டால் என்ன, பலெர்மோக்காரருக்குக் குடும்பச் சண்டை விளங்கும்.

அம்பிகை நின்றபடியே இருந்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். மனம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவள் சந்தேகம் ஒரு பக்கம் அடைபட்டால் மறு பக்கத்தால் வெளிக்கிடுகிற சாமான். விமலராஜை நேராகப் பார்த்தாள்.

"தம்பி, உங்கட அம்மாவுக்கு நாங்கள் ஆர் எண்டு தெரியுமோ?"

விமலராஜ் வெங்காய வளையத்தை முள்ளுக்கரண்டியால் தள்ளினான்.

"அவவுக்கு... கலியாணம் முடியச் சொல்லுவம் எண்டு..."

"இப்ப என்னெண்டு சொல்லி வைச்சிருக்கிறியள்?"

"பொம்பிளைக்குப் பேர் ஸ்ரெல்லா எண்டு."

"என்னது?" என்று சாம்பவியே திடுக்கிட்டுத் திரும்பினாள். இது அவளுக்கும் புதிது.

"நல்லது," என்றாள் அம்பிகை. "அங்கை ஒரு தாய், மருமகள் ஸ்ரெல்லா வாறாள் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கிறா. இஞ்சை ஒருத்தி, செவ்வாய் பொருந்திப்போச்சு எண்டு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சவள். அம்மாவின்ரை பேர் என்ன?"

"எமிலியானா."

"ரெலிபோன் நம்பரைச் சொல்லுங்கோ."

"இப்பவோ?" விக்னராஜா பதறினார். "ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் அம்பிகை. நிதானமாய்க் கதைப்பம்."

"எனக்குச் செய்ததை இன்னொரு பொம்பிளைக்குச் செய்ய நான் விடன். இதை அவ அறிஞ்சு, ஓம் எண்டு சொன்னால்தான் ஞாயிற்றுக்கிழமை. இல்லாட்டில் மோதிரமும் இல்லை, ஒண்டும் இல்லை."

"அம்மா!" என்றாள் சாம்பவி. பச்சைச் சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பயப்பிடாதை பிள்ளை. நான் கெடுக்கப் போகேல்லை. என்ரை பிள்ளை பொய்ப் பேரோடை ஒருத்தர் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது, அவ்வளவும்தான்."

கல்லாவுக்குப் பக்கத்தில் பழைய சாம்பல் நிற ரெலிபோன் இருந்தது. கிர்ஸ்தன் ஒன்றும் கேட்காமல் அதைத் திருப்பி வைத்தார். விமலராஜ் எழுதிக் கொடுத்த நம்பரை அம்பிகை ஒவ்வொன்றாக அழுத்தினாள். நீளமான நம்பர். மணி அடித்தது. தூரத்தில், டென்மார்க்கில், யாரோ எடுத்தார்கள்.

"எமிலியானாவோ? நான் பலெர்மோவிலை இருந்து கதைக்கிறன். பொம்பிளையின்ரை அம்மா."

"ஐயோ, ஸ்ரெல்லான்ரை அம்மாவோ! சுகமாய் இருக்கிறியளோ?"

"இருக்கிறன். ஆனால் என்ரை மகளுக்குப் பேர் ஸ்ரெல்லா இல்லை, சாம்பவி. நாங்கள் சைவக்காரர். உங்கட மகன் உங்களுக்கு மறைச்சுப்போட்டார், என்ரை மனிசன் எனக்கு மறைச்சுப்போட்டார். எனக்கே இப்ப அரை மணித்தியாலத்துக்கு முந்தித்தான் தெரியும். உங்களுக்கும் தெரியோணும் எண்டு எடுத்தனான்."

அந்தப் பக்கத்தில் ரேடியோவில் யாரோ டெனிஷில் செய்தி வாசிப்பது மட்டும் கேட்டது. பிறகு ரேடியோவும் நின்றது.

"மகன் பக்கத்திலையே நிக்கிறான்?" குரல் மாறியிருந்தது.

"தள்ளி மேசையிலை இருக்கிறார்."

"அப்ப அவனுக்குக் கேளாமல் கதையுங்கோ. நீங்கள் நேர்மையான மனிசி. உங்களிட்டை மறைச்சால் எனக்குப் பாவம். உங்கட மகள் சைவமோ வேதமோ, அது பிறகு. அவன் இன்னொரு விசயமும் மறைச்சிருப்பான். உங்கட பிள்ளையிட்டையும் சொல்லியிருக்க மாட்டான்."

அம்பிகை திரும்பிப் பார்த்தாள். மேசையில் விமலராஜ் ஏதோ சொல்ல, சாம்பவி சிரித்தாள். கோபம் தீராமலே, பல் தெரியச் சிரித்தாள். மகள் அப்படிச் சிரித்து எத்தனை காலம்!

வாழ்க்கையில் முதல் தடவையாக அம்பிகைக்கு ஒரு விசயத்தைத் தெரிந்துகொள்ள மனமே இல்லாமல் போயிற்று. ரிசீவரை வைத்துவிடலாமா என்று கூட ஒரு கணம் நினைத்தாள்.

பிறகு மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, "சொல்லுங்கோ அக்கா," என்றாள். மிச்சம் அடுத்த கிழமை.